பெரிய கேமராவுக்கு வந்து சேர்ந்தவர்கள்



கோலார் தங்கவயலிலிருந்து புறப்பட்டு இன்று எந்த நாட்டில் குடியிருந்தாலும், நம்மவர் வீட்டுச் சுவரிலோ பெட்டியின் அடியிலோ ஒரு குரூப் போட்டோ இருக்கும். சுரங்கத்தில் ஓய்வு பெற்றவருக்கு வழியனுப்பு விழா, கால்பந்துக் குழு, பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு, கோயில் திருவிழாக் கமிட்டி என்று ஏதாவது ஒன்று. முன்வரிசையில் சிலர் தரையில் சம்மணமிட்டிருப்பார்கள், நடுவில் நாற்காலிகளில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நிற்பவர்கள். நாற்பது பேர் இருந்தாலும் ஒவ்வொருவர் மீசையும் தனித்தனியே தெரியும். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம் இவ்வளவு துல்லியமாக இருப்பது எப்படி என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். படம் எடுத்த கேமராவின் அளவுதான் காரணம். அந்தக் கேமராவைப் பற்றியும், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வயதில் அதனிடம் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி. பெரிய கேமரா என்பது உண்மையில் மிக எளிமையான பொருள். முன்னால் ஒரு பலகையில் லென்ஸ். பின்னால் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல மடிப்பு மடிப்பான ஒரு துருத்தி. எல்லாவற்றையும் தாங்க மூன்று கால் ஸ்டாண்டு. போட்டோ எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தேய்த்த கண்ணாடியைப் பார்த்தால் எதிரில் உள்ளவர்கள் தலைகீழாகத் தெரிவார்கள். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்தி உருவம் கூர்மையானதும் கண்ணாடி இருந்த இடத்தில் பிளேட் உள்ள மரச்சட்டத்தைச் செருகுவார். சட்டத்தின் மூடியை உருவிவிட்டு, லென்சின் மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, திரும்ப மூடுவார். அவ்வளவுதான்.

தலைகீழ் உருவம் பலருக்கு விசித்திரமாக இருக்கும். என்னைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு அப்படி இல்லை. நான் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தண்டவாள மட்டம் பார்க்கப் பயன்பட்ட டம்பி லெவல் கருவியிலும் அளவுகோல் தலைகீழாகத்தான் தெரியும். இரண்டு மாதத்தில் மூளை பழகிவிடும். பிறகு நேராகத் தெரிந்தால்தான் சந்தேகம் வரும்.

துல்லியத்துக்கு ஒரு சிறு கணக்கு. நாற்பது பேரை மூன்று வரிசையில் நிறுத்தினால் வரிசையின் அகலம், ஓரத்து இடத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 8 மீட்டர். பின்னாளில் எல்லோரும் வைத்திருந்த 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். அந்த 8 மீட்டரை இதில் அடக்கினால் ஒருவர் முகம் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. ஃபுல் பிளேட் எனப்படும் கண்ணாடித் தகடு ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம். அதில் அதே முகம் 4 மில்லிமீட்டர் வரும். பரப்பளவில் பார்த்தால் ஃபுல் பிளேட் அந்தச் சிறு ஃபிலிமைப் போல 40 மடங்கு. போதாததற்கு, பிளேட்டைத் தாளின் மேல் நேரடியாக வைத்து அதே அளவில் அச்செடுத்தார்கள். பெரிதாக்கும் வேலையே இல்லை என்பதால் இழக்கவும் ஒன்றுமில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. கோபுரத்தைச் சாதாரணக் கேமராவால் அண்ணாந்து எடுத்தால் அது பின்பக்கம் சாய்வதுபோல வரும். பெரிய கேமராவில் பின்பலகையைத் தூக்குக் குண்டு வைத்ததுபோல நேராக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே தூக்கலாம். உச்சிக் கலசமும் படத்தில் அடங்கும். கோபுரமும் நேராக நிற்கும். கட்டிடம் கட்டுகிறவன் கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொடக்க காலத்தில் பெரிய கேமராவை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு கேமராவே கிடையாது. நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் படம். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய பெட்டியைச் சுமக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அப்படிச் சுமந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுப்பில் ஊர் போயிருந்தபோது போட்டோக் கலையைக் கற்றுக்கொண்டு 1854-ல் பெங்களூருக்குத் திரும்பினார். 1857 இறுதியில் சென்னை அரசின் போட்டோகிராபராக மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பி, ராயக்கோட்டை, சேலம் வழியாக ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அப்போது அவருக்கு 35 வயது. அவர் பயன்படுத்தியது கண்ணாடியல்ல, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம், உடையாது, எடையும் குறைவு. நம் ஊர் வெயிலுக்கும் பாதைக்கும் அதுதான் சரி என்று அவர் முடிவு செய்தது ஒரு நல்ல பொறியாளரின் முடிவு என்பேன்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் 21 நெகட்டிவ்களாகத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு எழுத்தைப் படிக்கும் அளவுக்குப் பதிவு செய்ய அன்று வேறு வழியில்லை. ஆனால் 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு இந்தச் செலவு வீண் என்று பட்டது. ட்ரைப்பின் துறை மூடப்பட்டது. சிக்கன நடவடிக்கை என்றால் முதலில் கத்தி விழுவது எங்கே என்பது அரசாங்க வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ட்ரைப்பின் படங்களை 2014, 2015 ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் பெரிய கண்காட்சியாக வைத்தன.

அடுத்து வந்தது ஈரப் பிளேட். கண்ணாடியில் கொலோடியன் ரசாயனத்தை ஊற்றி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவிவிட வேண்டும். போகுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும். நாட்டிங்ஹாமில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த சாமுவேல் போர்ன் அந்த வேலையை விட்டுவிட்டு 1863-ல் கல்கத்தா வந்து, சுமைகூலிகளின் தலையில் கண்ணாடிகளை ஏற்றி இமயமலைக்குக் கொண்டுபோனார். அவர் பெயரோடு தொடங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டூடியோ கல்கத்தாவில் 2016 வரை நடந்தது. எட்மண்ட் டேவிட் லயன் இன்னொரு வகை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1865-ல் ஊட்டியில் ஸ்டூடியோ வைத்து, 1867-68-ல் அரசுக்காக மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தார்.

ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையாரை விட்டுவிட முடியாது. 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் குடியேறி, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபின், 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. கோழிக் கொட்டகையை ஸ்டூடியோவாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். சில ஆண்டுகளில் 15 அங்குலத்துக்கு 12 அங்குலப் பிளேட்டுக்குப் போய், முகத்தை மட்டும் மிக அருகிலிருந்து எடுத்தார். ஓரங்கள் மங்கலாக இருக்கின்றன என்று சங்கத்துக்காரர்கள் குறை கூறினார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. 1875-ல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் கேமராவோடு போனார். அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் உள்ளூர் மக்களையும் எடுத்த படங்களில் சில எஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்து இலங்கைக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மக்களே. 1879-ல் அவர் இலங்கையிலேயே காலமானார்.

என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் லாலா தீன் தயாள். மீரட் அருகே சர்தானாவில் 1844-ல் பிறந்தார். ரூர்க்கியில் தாம்சன் பொறியியல் கல்லூரியில் படித்து, 1866-ல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் சேர்ந்தார். அதாவது நம் ஜாதி: எஸ்டிமேட் போடுகிறவர், டிராயிங் போடுகிறவர். முப்பது வயதை ஒட்டி, 1870-களின் நடுவில், கேமராவைக் கையிலெடுத்தார். மேலதிகாரிகள் ஊக்கம் கொடுத்தார்கள். லெப்பல் கிரிஃபினோடு மத்திய இந்தியாவைச் சுற்றி அவர் எடுத்த கட்டிடப் படங்கள் 1886-ல் நூலாக வந்தன. 1885-ல் ஹைதராபாத் நிஜாமின் அரசவைப் போட்டோகிராபரானார். செகந்திராபாத்திலும் பம்பாயிலும் ஸ்டூடியோ வைத்தார். ராஜா பட்டமும் பெற்றார். 1905-ல் மறைந்தார்.

அவருடைய கட்டிடப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் டிராயிங் போர்டு என் நினைவுக்கு வரும். தூண்கள் செங்குத்தாக நிற்கும். முன்பக்கத் தோற்றம் எங்கே முடிந்து பக்கவாட்டுத் தோற்றம் எங்கே தொடங்குகிறது என்பதில் குழப்பமே இராது. பொறியியல் படித்ததால்தான் அவருக்கு அந்தக் கண் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

1871-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு மேடாக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் பிளேட்டுக்கு வழி காட்டினார். பத்தே ஆண்டுகளில் அது கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கத் தொடங்கியது. கூடாரம் தேவையில்லை. ரசாயனத்தைத் தானே காய்ச்ச வேண்டியதில்லை. அதன்பிறகே நம் நாட்டுச் சிற்றூர்களில் ஸ்டூடியோக்கள் பெருகின. படைத் தலைவர்களின் கையிலிருந்த கேமரா இப்போது பிழைப்புக்காகத் தொழில் கற்றவர்களின் கைக்கு வந்தது.

தங்கவயலின் கதையும் அதே காலத்தது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே சுரங்க வேலையில் இறங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து நம் மக்கள் வந்து குவிந்தார்கள். சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து 1902-ல் மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அது 1905-ல்தான் போனது. சம்பளம் கைக்கு வந்தால் ஊரிலிருக்கும் தாய்க்கு ஒரு படம் அனுப்ப வேண்டும் என்ற ஆசை எந்தப் புலம்பெயர்ந்தவனுக்கும் உண்டு. உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் எண்பது வயதைக் கடந்த ஒரு ஸ்டூடியோக்காரர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணா என்றே குறிப்பிடுகிறேன். பெரிய கேமராவுக்கு எப்படி வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"ஆசைப்பட்டா வந்தேன்? பன்னெண்டு வயசுல மாமா கடையில தண்ணி எடுத்து ஊத்தற வேலைக்குச் சேர்ந்தேன். பிளேட் கழுவ எவ்ளோ தண்ணி வேணும் தெரியுமா உனக்கு? ரெண்டு வருஷம் தண்ணி. அப்புறம் ஸ்டாண்டு தூக்கறது. அப்புறம் டச்சிங். கேமராவுக்குள்ள தலைய விட மாமா உட்டது பதினெட்டு வயசுலதான்" என்றார்.

டச்சிங் என்பது நெகட்டிவ்வின் மேல் கூரான பென்சிலால் மெல்லத் தீட்டி அம்மைத் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் மறைக்கும் வேலை. பெரிய பிளேட் என்பதால்தான் அது முடிந்தது. மாப்பிள்ளை பார்க்க அனுப்பும் படங்களில் டச்சிங் பென்சில் எத்தனை கல்யாணங்களை முடித்துவைத்தது என்று அண்ணா விரல்விட்டு எண்ணுவார்.

குரூப் போட்டோ நாளில் காலை வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிட வேண்டும். அல்லது கட்டிட நிழல் பரவும் மாலை வேளை. கண் கூசாமல் இருக்க வேண்டுமே! லென்சின் துளையைச் சிறிதாக்கினால்தான் முன்வரிசையும் பின்வரிசையும் ஒருங்கே கூர்மையாக வரும். துளை சிறிதானால் ஒரு விநாடியாவது திறந்து வைக்க வேண்டும். நாற்பது பேரை ஒரு விநாடி அசையாமல் நிறுத்துவதுதான் உண்மையான வித்தை. "மூச்சப் புடி" என்று மட்டும் சொல்லக்கூடாதாம். எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தித் தோளைத் தூக்கிவிடுவார்கள். "அப்படியே இருங்க, இன்னும் எடுக்கல" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிடுவாராம். பழைய படங்களில் நம் தாத்தாமார்கள் இயல்பாக இருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம்.

அந்த 4 மில்லிமீட்டர் முகத்துக்கு என்ன மதிப்பு என்பதை நான் என் தெருவிலேயே பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் தகப்பனார் சுரங்கத்தில் பாறை வெடிப்பில் இறந்தபோது அக்கா கைக்குழந்தை. வீட்டில் அவருடைய தனிப் படம் ஒன்றுகூட இல்லை. கால்பந்துக் குழுவோடு எடுத்த குரூப் போட்டோ ஒன்றில் அவர் இருந்தார் என்று அம்மா சொல்லுவார். அந்தப் படமும் மழையில் வீடு ஒழுகி ஊறிப்போயிருந்தது. 1984-ல் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகையை அப்பா படத்தின் முன் வைத்துக் கும்பிட வேண்டும் என்று அண்ணாவிடம் போய் நின்றார்.

ஸ்டூடியோவில் நோட்டுப் புத்தகம் இருந்தது. வருஷம், விழா, பிளேட் நம்பர். இரண்டு நாள் தேடி அண்ணா பிளேட்டை எடுத்துவிட்டார். பெரிதாக்கும் கருவியில் அது முழுதாக நுழையாது. தட்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவது வரிசையில் அந்த ஒரு முகம் மட்டும் ஒளிக்கு நேரே வரும்படி பிளேட்டை வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கினார். 4 மில்லிமீட்டர் 4 சென்டிமீட்டர் ஆனது. கண், மூக்கு, கழுத்தில் கட்டியிருந்த கயிறு எல்லாம் வந்தன. சிறு ஃபிலிமில் எடுத்திருந்தால் அந்த இடத்தில் நான்கைந்து புள்ளிகள்தான் வந்திருக்கும். அக்கா அந்தப் படத்தைப் பார்த்து முதலில் சொன்னது, "நம்ம பெரியவன் காது மாதிரியே இருக்கு" என்பதுதான்.

அந்தக் காலத்தில் நம் ஸ்டூடியோக்களில் இருந்த கேமராக்கள் எல்லாம் சீமைச் சரக்கு என்று நினைத்துவிடக்கூடாது. கேரளத்து ஆலப்புழையில் வாகீஸ்வரி என்ற பெயரில் தேக்குமரக் கேமராக்கள் தயாராயின. 1940-களில் அவ்வூர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் தம் கேமராவின் துருத்தி கிழிந்துபோனதால், இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் ஒரு குடும்பத்திடம் கொண்டுபோனார். ஆர்மோனியத் துருத்தியைச் சரிசெய்கிறவனுக்குக் கேமராத் துருத்தி கடினமா என்ன? அந்தக் குடும்பத்துப் பிள்ளை கருணாகரன் துருத்தியைச் சரிசெய்தார். பிறகு முழுக் கேமராவையே செய்யத் தொடங்கினார். வாகீஸ்வரி நாடெங்கும் போயிற்று. 1980-களில் சிறு கேமராக்களும் கலர் லேபுகளும் பரவியபோது தேவை குறைந்து தயாரிப்பு நின்றது. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தந்தது. அதுவும் இன்று இயங்கவில்லை.

கலர் வந்தபின் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. ஸ்டூடியோக்களில் இடம் போதவில்லை. பிளேட் பெட்டிகள் பரணுக்குப் போயின, பரணிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு. வெந்நீரில் ஊறவைத்துப் படலத்தைச் சுரண்டிவிட்டால் நல்ல கண்ணாடி கிடைக்கும். சாமி படத்துக்குச் சட்டம் போட அது போதும். ஒரு கடையில் இப்படிச் சுரண்டிய கண்ணாடிகள் அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். ஒன்றின் மூலையில் மட்டும் யாரோ ஒருவருடைய செருப்பணிந்த கால் மிச்சமிருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பிரிந்தன. படங்கள் ஒரு பக்கம், அவற்றில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம்.

இனி இன்றைய ஆட்கள். பெரிய கேமரா செத்துவிட்டது என்று நான் எண்ணியிருந்த வேளையில் வாலிபர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். 2014-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஒரு மாணவர் பிளைவுட் பலகையால் மலிவான 4-க்கு 5 அங்குலக் கேமரா செய்து விற்கத் தொடங்க, இன்ட்ரெபிட் என்ற அந்தப் பெயர் உலகெங்கும் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், வயது 26, கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவன், அப்படி ஒரு பிளைவுட் கேமரா வாங்கியிருக்கிறான். கையிலிருக்கும் செல்போன் ஒரு நொடியில் எடுப்பதை நீ ஏன் ஒரு மணிநேரம் எடுக்கிறாய் என்று கேட்டேன்.

"அங்கிள், போன்ல எடுத்தா வீட்டுக்கு வந்து எதை வெச்சிக்கிறதுன்னு பாக்கறேன். இதுல எடுக்கறதுக்கு முன்னாடியே பாக்கணும். ஒரு ஷீட்டு போனா காசு" என்றான். சயனைடு மேடுகளையும் மூடிக்கிடக்கும் சுரங்கக் கோபுரங்களையும் ஞாயிறுதோறும் எடுக்கிறான். இரண்டு மாதத்தில் எட்டுப் படம்!

இளம் வயதில் வருவது புதிதொன்றும் அல்ல. பிரான்சில் ழாக் ஆன்ரி லார்த்திக்குக்கு 1902-ல், எட்டு வயதில், தகப்பனார் 13-க்கு 18 சென்டிமீட்டர் பிளேட் கேமரா வாங்கித் தந்தார். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் 14 வயதில் சாதாரணப் பெட்டிக் கேமராவில் ஆரம்பித்து, 25-ஆம் வயதில், 1927-ல், யோசமிட்டி மலைக்குக் கண்ணாடிப் பிளேட் கேமராவைச் சுமந்து ஏறினார். கடைசிப் பிளேட்டில் சிவப்புக் கண்ணாடியை லென்சுக்கு முன் வைத்து வானத்தைக் கறுப்பாக்கி அவர் எடுத்த பாறைப் படம் இன்றும் பேசப்படுகிறது.

நான் வந்தது 61-ஆம் வயதில். ஓய்வு பெற்றபின் பென்ஷனில் ஒரு பழைய வாகீஸ்வரியை, ஆஃப் பிளேட் அளவில், வாங்கினேன். துருத்தியில் ஊசித் துளைகள் இருந்தன. இருட்டறையில் உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்துத் துளைகளைக் கண்டுபிடித்துக் கறுப்புத் துணியும் பசையும் கொண்டு அடைத்தேன். பிளேட்டுக்கு எங்கே போவது? மருத்துவமனைகளுக்கு விற்கும் எக்ஸ்ரே ஃபிலிம்தான் இப்போது ஏழைகளின் பிளேட். 8-க்கு 10 அங்குலத் தாளைக் குறுக்கே வெட்டினால், ஆறரைக்கு நாலேமுக்கால் அங்குலத்தில் சரியாக இரண்டு ஆஃப் பிளேட் கிடைக்கும். பின்னால் ஒரு கறுப்பு அட்டையைக் கொடுத்தால் பிளேட் சட்டத்தில் அசையாமல் நிற்கும். சிவப்பு விளக்கில் கழுவலாம் என்பதால் உருவம் எழுவதைக் கண்ணால் காணலாம். இருபக்கமும் பூச்சு உள்ள ஃபிலிம் எளிதில் கீறும். அடி தட்டையான கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாகக் கழுவினால் தப்பிக்கும்.

அந்தப் பையனும் நானும் அண்ணாவும் சேர்ந்து இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அண்ணாவின் பரணில் தப்பிய பிளேட்டுகளை அவன் ஒளிப்பலகையில் வைத்துச் செல்போனாலும் டிஜிட்டல் கேமராவாலும் நகலெடுக்கிறான். நான் நோட்டுப் புத்தகத்து நம்பர்களோடு ஒப்பிட்டுப் பட்டியல் எழுதுகிறேன். அண்ணா முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லுகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பிளேட்டுகள் இருந்தால் தண்ணீர் படவிடாதீர்கள்; துடைக்கவும் வேண்டாம். பளபளப்பில்லாத பக்கம்தான் படலம். அதைத் தொடாமல் ஓரங்களைப் பிடித்தே தூக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியிலுள்ளவை எடை தாங்காமல் விரிசல் விடும். ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் சுற்றி, நீளவாட்டில் நிற்கவைத்து, உறுதியான பெட்டியில் வையுங்கள். அச்சுப் படம் மட்டும் இருந்தால், அதன் பின்புறம் பேனாவால் எழுதாமல் தனித் தாளில் வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக, பெயரும் வீட்டு லைனும் எந்தச் சுரங்கம் என்பதும் எழுதிப் படத்தோடு வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குரூப்பில் நிற்பவர்களின் பட்டப்பெயர்கள் முதலில் வரும், உண்மைப் பெயர் பிறகு வரும்; இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.